பன்னிரண்டு நிமிடம் சும்மா நின்றவள்

உலகத்தில் எத்தனையோ நாத்தனார்கள் இருக்கிறார்கள். அண்ணி செய்கிற வேலையில் குறை கண்டுபிடிப்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு. எனக்கு அதுவே உத்தியோகம். மாதச் சம்பளம், நீல நிறச் சீருடை, குளிரூட்டிய அறை, சுழல் நாற்காலி எல்லாம் கொடுத்து அண்ணியிடம் குறை கண்டுபிடிக்கவென்றே ஒரு தொழிற்சாலை என்னை வேலைக்கு வைத்திருந்தது. கொடுத்துவைத்தவள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணி இரும்பு கடைகிறவள். கம்ப்யூட்டர் சொல்படி தானே ஓடுகிற கடைசல் இயந்திரம் அவளுடையது, சிஎன்சி என்பார்கள். அதிலிருந்து புஷ் வரும். உள்ளங்கை அகலத்துக்குக் கனமான எஃகு வளையம், அவ்வளவுதான். அந்த வளையத்தை நான் அளவறையில் வைத்து அளந்து, சரியாக இருந்தால் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் சிவப்புச் சாயம் அடித்துக் கழிக்க வேண்டும். தலைமுடி ஒன்றை எழுபதாகப் பிளந்தால் ஒரு பங்கு எவ்வளவோ, அதுதான் ஒரு மைக்ரான். எங்கள் புஷ் பத்து மைக்ரான் கூடலாம், பத்து குறையலாம். அதைத் தாண்டினால் பழைய இரும்பு விலைதான். ஒன்பது வருடத்தில் அண்ணி கடைந்ததில் நான் கழித்தவை பதினான்கு. பதினான்குக்கும் வீட்டில் வந்து தனியாகச் சண்டை நடந்திருக்கிறது. நடுவில் உட்கார்ந்து சாப்பிட்ட என் அண்ணனுக்கு எதற்குச் சண்டை என்று ஒருநாளும் புரிந்ததில்லை. அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். ஒரு சாண் முன்னே பின்னே நிறுத்தினாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

அண்ணி இந்த வேலைக்கு வந்ததே ஒரு கூத்து. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் தொழிற்சாலை அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். முதல் சிஎன்சி வந்து இறங்கியது. கிட்டே போகவே ஆட்களுக்கு உதறல். பொறியாளர் ஒருவர் எழுதிக்கொடுத்த புரோகிராமை உள்ளே தட்ட இவளைக் கூப்பிட்டார்கள். தட்டிக்கொண்டே வந்தவள் பதினேழாவது வரியில் கையை எடுத்துவிட்டு, "இதை இப்படியே விட்டா டூல் போய் சக்குல மோதும் சார்" என்றாள். சக் என்பது புஷ்ஷைக் கவ்விக்கொண்டு சுழலும் பிடி. பொறியாளர் சிரித்தார். ஓட்டிப் பார்த்தார்கள். மோதியது. மறுநாளே அண்ணியை இயந்திரத்தின் முன்னால் நிறுத்திவிட்டார்கள். பொறியாளரை எங்கே நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை.

அதிலிருந்து அவளுக்கு இயந்திரத்தின் பாஷை அத்துப்படி. வெட்டும் முனைக்கு டிப் என்று பெயர், சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். அது மழுங்கப்போவதைத் திரை சொல்வதற்கு முன்னால் இவள் காது சொல்லிவிடும். விழுகிற இரும்புச் சுருளின் நிறத்தைப் பார்த்து வேகத்தைக் குறைப்பாள், கூட்டுவாள். இந்தக் காதை வீட்டுக்கும் எடுத்து வருவதுதான் தொல்லை. மின்விசிறியை அண்ணாந்து பார்த்து "ரெண்டு வாரம்" என்பாள்; பதின்மூன்றாம் நாள் அது நின்றுபோகும். அண்ணன் நேரே வீட்டுக்கு வந்தேன் என்று சத்தியம் செய்தால், வாசலுக்குப் போய் வேனின் மூக்கில் கையை வைத்துவிட்டு, "எஞ்சின் ஆறிப்போய் இருக்கே, எங்க நின்னீங்க?" என்பாள். அவன் வழக்கமாகத் தண்ணீர் கேட்பான்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. டிப் மாற்றியதும் முதல் புஷ்ஷைக் கடைந்து எடுப்பாள். எடுத்ததை உடனே அளக்கமாட்டாள். ஒரு தடித்த இரும்புப் பலகையின் மேல் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு நிமிடம் நிற்பாள். பேச்சுக் கிடையாது, போன் கிடையாது, தேநீர் கிடையாது. இயந்திரம் காத்துக்கிடக்கும். பிறகு மைக்ரோமீட்டரை எடுத்து அளப்பாள். ஐந்து மைக்ரான் இப்படி, மூன்று அப்படி என்று திருத்தத்தைத் தட்டுவாள். அதற்கப்புறம் அடுத்த டிப் மாற்றும்வரை இருபத்தைந்து புஷ்ஷும் கண்ணை மூடிக்கொண்டு ஓடும். கடைந்த இரும்பு சூடாக இருக்கும், சூடான இரும்பு ஊதியிருக்கும், ஆறினால்தான் அதன் நிஜ அளவு தெரியும். இதைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டோம், அண்ணி மறக்கவில்லை.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த இடத்துக்குத்தான் நிமிடக்காரர் வந்து சேர்ந்தார்.

தலைமை அலுவலகம் அனுப்பிய ஆலோசகர் அவர். நிஜப் பெயர் ஏதோ இருந்தது, யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. கையில் டேப்லெட், காலில் சத்தம் போடாத செருப்பு. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் மேலே ஒரு பெரிய திரை மாட்டினார். இயந்திரம் ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. சிவப்பு நிமிடங்களைக் கூட்டிப் போட்டுக் கீழே நம் படத்தையும் ஒட்டுவார். அண்ணியின் படம் எப்போதோ அடையாள அட்டைக்கு எடுத்தது. அதில் அவள் விழித்துக்கொண்டிருப்பாள். சிவப்புத் திரைக்குக் கீழே அதைப் பார்த்தால் தேடப்படும் குற்றவாளி என்றே தோன்றும்.

முதல் வாரத்திலேயே நிமிடக்காரர் அவளிடம் வந்தார். "மேடம், ஒரு ஷிப்டுல எழுபத்திரண்டு நிமிஷம் சும்மா நிக்கிறீங்க."

"சும்மா நிக்கல சார். ஆறவிடறேன்."

"அந்த நேரத்துல நீங்க என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ணல. ஆறுது."

அவர் டேப்லெட்டில் 'ஒன்றும் செய்யவில்லை' என்று எழுதிக்கொண்டு போனார். இதற்குத்தான் ஆறு மாதம் பயிற்சி எடுத்திருப்பார் போலிருக்கிறது.

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் சரி சார். மேலே இருந்து எது வந்தாலும் சரி என்பார். கீழே இருந்து எது போனாலும் பார்க்கலாம் என்பார். நிமிடக்காரர் அவர் காதில் ஓதியது இதுதான்: அண்ணியின் இயந்திரத்தையும் பக்கத்து இயந்திரத்தையும் இனி ஒரே ஆள் ஓட்டினால் போதும். மூன்று நாள் இருவரும் ஓட்டட்டும். யார் அதிகம் கடைகிறாரோ அவருக்கு இரண்டு இயந்திரமும். தோற்றவர் பேக்கிங்குக்குப் போய் எண்ணெய்த் தாளில் சுற்றட்டும். சரி சார் சரி என்றார்.

பக்கத்து இயந்திரத்து ஆளுக்கு மின்னல் என்று பெயர். முப்பது வயது, இரண்டு பிள்ளைகள், கெட்டவன் இல்லை. அண்ணியை அக்கா என்பான். ஆனால் ஓடினால் நிற்கத் தெரியாது.

போட்டி என்றதும் நான் மைக்ரோமீட்டரைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நிமிடக்காரர் அளவறைக் கதவைத் தட்டினார். "நீங்க அவங்க நாத்தனாராமே. சொந்தக்காரங்க அளந்தா நியாயமா இருக்காது. ரெண்டு பேரும் அவங்கவங்க மெஷின்லயே அளந்துக்கட்டும். நீங்க சர்டிபிகேட்ல மட்டும் கையெழுத்துப் போட்டாப் போதும்."

இருபது வருடமாக அண்ணியை நான் படுத்துகிறேன் என்றுதான் ஊர் சொல்லிக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் முதன்முதலாக அவளுக்குச் சலுகை காட்டுவேன் என்று ஒரு மனுஷன் பயந்தான். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அப்படியா சேதி, எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று நினைத்தேன். மின்னல் புஷ்ஷை எடுத்த சூட்டோடு அளப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கையுறை போட்டுக்கொண்டு அளந்தான், அவ்வளவு சூடு. சூட்டில் ஊதியிருந்ததைப் பெரிது என்று நம்பித் திருத்தத்தைக் குறைத்துத் தட்டினான். அப்புறம் இருபத்தைந்தையும் அதே அளவில் கடைந்தான். ஆறினால் அத்தனையும் சுருங்கும் என்பது எனக்குத் தெரியும். எழுந்துபோய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்று நாளும் சாயங்காலம் சரி சார் நீட்டிய சான்றிதழில், 'அளந்து பார்த்தேன், அளவு சரி' என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுக்கொடுத்தேன். ஒன்றைக்கூடத் தொடவில்லை. இதை எழுதும்போது எனக்கே என்னை அறையலாம்போல இருக்கிறது.

மின்னல் ஐந்நூற்று நாற்பது. அண்ணி நானூற்று முப்பது. திரையில் அவன் படத்தைச் சுற்றிப் பச்சையாக என்னவோ வெடித்தது. அண்ணி தன் மைக்ரோமீட்டரைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு பேக்கிங்குக்குப் போனாள். அது அவள் சொந்தக் காசில் வாங்கியது. வீட்டுக்கு வந்து அழவில்லை, கத்தவில்லை. சாப்பிட்டுவிட்டு மின்விசிறியைக்கூடப் பார்க்காமல் படுத்தாள். அதுதான் பயமாக இருந்தது. அந்த இயந்திரத்தை எடுத்துவிட்டால் அவளிடம் வேறு என்ன மிச்சம் இருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் மின்னலின் புஷ்கள் சுற்றுவதற்கு வந்தன. ராத்திரி முழுக்கக் கிடந்து சில்லென்று ஆறியிருந்தன. ஒன்றைக் கையில் எடுத்தவள் இன்னொன்றை எடுத்தாள். பெட்டியைத் திறந்து மைக்ரோமீட்டரால் அளந்தாள். இருபது மைக்ரான் குறைவு. அடுத்ததும் இருபது. லாரி வந்து நிற்கிறது. அண்ணி வாசல் ஷட்டரை இழுத்து மூடிவிட்டு, "இதுல ஒண்ணும் வெளியே போகக்கூடாது. எல்லாம் சின்னதா இருக்கு" என்று சரி சாருக்குப் போன் செய்தாள்.

இவ்வளவு பெரிய அவமானத்திலிருந்து கம்பெனியைக் காப்பாற்றியவளுக்கு என்ன செய்வார்கள்? மாலை போடுவார்களா? சாயங்காலமே கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். விளக்கம் கேட்டு எழுதிய தாள். வாசகத்தை நான் மறக்கமாட்டேன். 'இயந்திரத்தில் அளந்தபோது சரியாக இருந்தவை, சான்றிதழும் உள்ளது. உங்கள் பொறுப்பில் வந்த பிறகு ஐந்நூற்று நாற்பது புஷ்களும் சிறுத்துப்போனது எப்படி என்பதையும், பேக்கிங் ஊழியர் அனுமதியின்றி அளந்தது ஏன் என்பதையும் இரண்டு நாளில் எழுத்துமூலம் விளக்கவும். தவறினால் பணிநீக்கம்.' இதை யோசித்தது நிமிடக்காரர். சரி சார் சரி என்று கையெழுத்துப் போட்டிருந்தார்.

அண்ணன் தாளை மூன்று தடவை படித்தான். "நீ என்ன பண்ணினே, சின்னதாக்க?" என்றான்.

"ராத்திரி உக்காந்து ஒவ்வொண்ணா நக்கினேன்" என்றாள் அண்ணி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சான்றிதழ் யார் போட்டது என்று அவள் கேட்கவும் இல்லை. ஒருவேளை பார்த்திருக்கமாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்தாங்கொள்ளிகளுக்கு இப்படி ஏதாவது சொல்லிக்கொள்ள எப்போதும் கிடைக்கும்.

மறுநாள் விடிந்ததும் அடுப்படி மேசையில் அவள் எழுதி வைத்த விளக்கத்தைப் பார்த்தேன். அழகான கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லை. 'நல்ல புஷ்களோடு பழைய கழிவுப் புஷ்களை என் கவனக்குறைவால் கலந்துவிட்டேன். தவறு முழுவதும் என்னுடையது. வேறு யாருக்கும் இதில் பொறுப்பு இல்லை.' வடிகட்டின பொய். எங்களிடம் அத்தனை கழிவுப் புஷ் இந்த ஜென்மத்தில் இருந்ததில்லை. தாளுக்குக் கீழே மடித்த இன்னொரு தாள். பெட்டியோடு பேக்கிங்குக்கு வந்த சான்றிதழ். அடியில் என் கையெழுத்து. அவள் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறாள்.

விளக்கத்தை நாலாகக் கிழித்து அடுப்படிக் கூடையில் போட்டேன். சான்றிதழை எடுத்துக்கொண்டு, அவள் எழுந்திருக்குமுன் கிளம்பிவிட்டேன்.

காலை ஷிப்டில் மின்னல் இறக்கிய முதல் புஷ்ஷைக் கையுறையோடு வாங்கிக்கொண்டேன். மற்றொரு கையில் அண்ணியின் இரும்புப் பலகை. இரண்டையும் சுமந்துகொண்டு போய்ச் சரி சாரின் மேசையில் வைத்தேன். நிமிடக்காரரும் அங்கேதான் இருந்தார். அவர்கள் கண் முன்னால் அளந்து காட்டினேன். அளவு கனகச்சிதம்.

"சரி" என்றார் சரி சார்.

"இப்ப என்ன பண்ணப் போறோம்?" என்றார் நிமிடக்காரர்.

"ஒண்ணும் பண்ணப் போறதில்ல சார். பன்னிரண்டு நிமிஷம் இப்படியே உக்காந்திருக்கப் போறோம்."

நிமிடக்காரர் பட்ட பாடு சொல்லி மாளாது. நாலாவது நிமிடத்தில் மேசையைத் தட்டினார். ஆறாவது நிமிடத்தில் எழுந்து ஜன்னலைச் சாத்தினார், திறந்தார். எட்டாவது நிமிடத்தில் அது தப்பாக ஏதாவது செய்கிறதா என்று புஷ்ஷைக் குனிந்து பார்த்தார். புஷ் சும்மாதான் இருந்தது. சரி சார் மட்டும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். சும்மா இருப்பதில் அவருக்கு நல்ல அனுபவம். பன்னிரண்டு நிமிடம் கழித்து அளந்தேன். பத்தொன்பது மைக்ரான் குறைவு. மைக்ரோமீட்டரை நிமிடக்காரர் கையிலேயே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். இரண்டு தடவை படித்தார்.

"யார் தொட்டு இது சின்னதாச்சு சார்? சொல்லுங்க."

சரி சாருக்கு வாழ்க்கையில் முதல்முறையாகச் சரி என்ற வார்த்தை வரவில்லை. "அப்ப இதையெல்லாம் அளந்து பார்த்தோம், சரின்னு யாரு கையெழுத்துப் போட்டது?" என்றார். அவரே நீட்டி வாங்கிய கையெழுத்து. ஞாபகம் இல்லாதவர்போலக் கேட்டார்.

சான்றிதழை மேசையில் விரித்தேன். "நான்தான். ஒண்ணுகூட அளக்காம போட்டேன். எங்க அண்ணி மேல எந்தத் தப்பும் இல்ல."

நிமிடக்காரர் டேப்லெட்டைக் கையில் எடுத்தார். "ஒரு கையெழுத்துக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"மூணு செகண்ட் சார்."

அவர் அதைக் குறித்துக்கொண்டார். முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது. தொழிற்சாலையிலேயே அவர் பார்த்த அதிவேகப் பரிசோதனை அதுவாகத்தான் இருக்கும்.

முடிவு சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது. அண்ணிக்கு அவள் இயந்திரம் திரும்பக் கிடைத்தது, மின்னலுக்கு அவனுடையது. ஆறவைப்பதற்கு 'வெப்பச் சமநிலைக் காலம்' என்று பெயர் சூட்டி, திரையில் அதற்கும் பச்சை கொடுத்துவிட்டார்கள். கண்டுபிடித்தவர் நிமிடக்காரர் என்று அறிக்கையில் இருக்கிறது. அவருக்குப் பதவி உயர்வாம். வேறொரு தொழிற்சாலையைச் சீர்படுத்தப் போயிருக்கிறார், பாவம் அவர்கள். அளக்காமல் கையெழுத்துப் போட்ட என்னை வேலையை விட்டு நீக்கினார்கள். அதில் நான் குறை சொல்வதற்கு ஒன்றும் இல்லை. நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அண்ணி வேலை முடிந்து வந்தாள். சீருடையை மாற்றவில்லை. நேரே என் அறைக்குள் வந்து நின்றாள். கட்டிப்பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன் என்றால் நம்புங்கள்.

"எவ கிழிக்கச் சொன்னா உன்னை?"

"நீங்க பொய் எழுதியிருந்தீங்க அண்ணி."

"தெரியும். நான்தானே எழுதினேன்." கட்டிலில் உட்கார்ந்தாள். "என்னைத் துரத்தினா எனக்கு ஒரு வாரத்துல வேற மெஷின் கிடைக்கும். பேக்கிங்ல கலந்துட்டான்னா எவன் கவலைப்படப்போறான்? வந்து ஓட்டிக் காட்டுன்னு சொல்வான், ஓட்டிக் காட்டுவேன். நீ? அளக்காம கையெழுத்துப் போட்டவன்னு பேரு வந்துட்டா எந்த அளவறையில உன்னை உள்ள விடுவான்? வேற என்ன வேலை தெரியும் உனக்கு? நைட்டெல்லாம் முழிச்சு, எது போனா யாருக்கு எவ்வளவு போகும்னு பார்த்துத்தான் எழுதினேன். நீ ஒரு நிமிஷத்துல கிழிச்சுட்டுப் போயிட்டே."

நான் அவள் பெருந்தன்மையை நினைத்துக் காலையிலிருந்து உருகிக்கொண்டிருந்தேன். அவள் என்னடாவென்றால் மைக்ரான் சுத்தமாகக் கணக்குப் போட்டிருக்கிறாள். அந்தக் கணக்கில் ஒரு பிசகும் இல்லை.

"அப்ப நான் செஞ்சது தப்பா அண்ணி?"

அவள் கையைக் கட்டிக்கொண்டாள். அவசரப்படுத்தினால் சொல்லமாட்டாள் என்பதால் நான் காத்திருந்தேன்.

"தப்பில்ல" என்றாள் கடைசியில். "தப்பா இருந்திருந்தா நல்லா நாலு வார்த்தை திட்டிட்டாவது போயிருப்பேன்."

பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இருபது வருடத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை.